சேவல் காலில் கட்டிய துணி

என் கத்தரிக்கோல் டப்பாவின் அடியில் ஒரு துணிக் கிழிசல் கிடக்கிறது. விரலகலம், ஒரு சாண் நீளம், பழுப்பேறிய வெள்ளை, ஓரத்தில் நீலக் கரை. டப்பாவைக் கவிழ்த்துத் துடைக்கும் நாட்களில் அதை வெளியே எடுத்து வைக்கிறேன். கருவிகளை அடுக்கி முடித்ததும் திரும்ப உள்ளே போடுகிறேன். இந்த ஆஸ்பத்திரியின் கருவிப் பட்டியலில் அதற்கு இடமில்லை. கூட வேலை செய்கிறவர்கள் கேட்டால், மலையில் இருந்தபோது வந்தது என்று சொல்லி நிறுத்திக்கொள்கிறேன். முழுவதையும் சொல்ல அலுப்பாக இருக்கிறது. ஒருமுறை எழுதிவிட்டால் மறுபடி சொல்ல வேண்டாம் என்றுதான் எழுதுகிறேன்.

இரண்டாம் உலகச் சண்டை நடந்துகொண்டிருந்த வருஷங்களில், கொல்லிமலையில் நாடு என்று சொல்லும் ஊர்க்கூட்டங்களில் ஒன்றான வாழவந்தி நாட்டில் நான்கு கட்டில் போட்ட ஒரு மருந்தகத்துக்குப் பிரசவம் பார்க்கும் நர்ஸாகப் போனேன். டாக்டர் மாதம் ஒருமுறை அடிவாரத்திலிருந்து நடந்து வருவார். மற்ற நாட்களில் நானும் ஆயாவும்தான். ஆயா என்பது அவர் பார்த்த வேலையின் பெயர். வயதில் என்னைவிட ஐந்தாறு வருஷமே மூத்தவர். வளப்பூர் நாட்டில் பிறந்தவர், கணவன் இல்லை. இரண்டு வயது நிரம்பாத ஒரே மகளோடு பின்னறையில் இருந்தார். அந்த மருந்தகத்தில் பிறந்த முதல் பிள்ளை அவருடைய மகள்.

கொல்லைப்புறத்தில் கோழிகள் இருந்தன. எனக்கு முன்னிருந்த நர்ஸ் நோயாளிகளுக்கு முட்டை வேண்டுமென்று வளர்த்தவை. நான் போன வாரத்தில் எழுதி வைத்தது: பெட்டை எட்டு, சேவல் ஆறு. ஒரு வருஷம் கழித்து: பெட்டை எட்டு, சேவல் பதின்மூன்று. பிரசவமாகிப் போனவர்கள் ஒரு மாதம் கழித்துச் சேவல் குஞ்சோடு திரும்பி வருவார்கள். “உட்டுட்டுப் போறனுங்க அம்மணி” என்பார்கள். அன்பளிப்பு என்று எடுத்துக்கொண்டு ஒவ்வொருவருக்கும் நன்றி சொன்னேன். பெட்டையைத் தர மனம் வராமல் சேவலைத் தள்ளிவிடுகிறார்கள் என்று உள்ளுக்குள் நினைத்ததும் உண்டு.

எட்டுப் பெட்டைக்கு ஒரு சேவல் போதும். பதின்மூன்று இருந்தால் என்ன நடக்கும் என்பதைத் தினமும் பார்த்தேன். பெட்டைகளின் முதுகில் இறகே இல்லை. விடிந்ததிலிருந்து துரத்தல், கொத்தல், கொண்டையில் ரத்தம். சிந்திய சாமையைக்கூடச் சேவல்களே தின்று தீர்த்தன. நாளுக்கு ஒரு முட்டை கிடைத்தால் அதிகம். ரத்தம் குறைந்து வெளுத்துக் கிடந்த இரண்டு பெண்களுக்கு அந்த ஒன்றை மாற்றி மாற்றிக் கொடுத்தேன்.

உறவில் ஒரு கல்யாணத்துக்காக ஆயா மகளைத் தூக்கிக்கொண்டு ஆலத்தூர் நாட்டுக்கு ஐந்து நாள் போனார். அந்த ஐந்து நாளில் செய்து முடிக்க வேண்டியவற்றை நான் வரிசையாக எழுதிக்கொண்டேன். கோழிக் கொட்டகைக்குச் சுண்ணாம்பு அடிப்பது ஒன்று. சேவல்களைக் குறைப்பது இன்னொன்று. ஒவ்வொரு சேவலின் காலிலும் ஒரு துணி கட்டியிருந்தது. குஞ்சில் கட்டியது, கால் பருத்ததும் இறுகி, சிலவற்றுக்கு வீங்கியும் இருந்தது. எல்லாவற்றையும் கத்தரித்தேன். துணிக்குப் பஞ்சமான காலம், எறிய மனமில்லை. துவைத்து டப்பாவில் போட்டேன். நோட்டில் ஒரு பக்கம் பதின்மூன்று சேவலின் நிறம் எழுதினேன். எதிர்ப்பக்கம் பதின்மூன்று துணியின் நிறம். எது எதனுடையது என்று மட்டும் எழுதவில்லை. எழுதத் தோன்றவில்லை.

ஒரு நோயாளிக்குத் துணையாக வந்திருந்த மாமனார் நான்கு சேவல்களை அறுத்துக் கொடுத்தார். அறுக்கும் முன் ஒவ்வொன்றின் காலையும் தூக்கிப் பார்த்தார். நோய் இருக்கிறதா என்று பார்க்கிறார், விவரமான மனிதர் என்று நினைத்துக்கொண்டேன். இரண்டு நாள் எல்லாருக்கும் நல்ல சாறு கிடைத்தது.

ஆயா திரும்பி வந்ததும் கொட்டகையைப் பார்த்தார். “துணியெல்லாம் எங்கீங்க அம்மணி?” என்றார். டப்பாவைக் காட்டினேன். “எது எந்தச் சேவலுதுங்க?” நோட்டை எடுத்து வந்தேன். விரித்த பிறகுதான் எனக்கே தெரிந்தது, அதில் பதில் இல்லையென்று. ஆயா மண்ணில் உட்கார்ந்துவிட்டார்.

அவை எனக்குக் கொடுத்தவை அல்ல. பிள்ளையின் பேரில் விட்டவை. பிள்ளை பிறந்த இடத்தில் அதன் சேவல் நிற்க வேண்டும். மூன்று வயதில் முடி எடுக்கும் அன்று பெற்றவர்கள் வந்து பிடித்துப் போய்ச் சாமிக்குக் கொடுப்பார்கள். அதுவரை சேவலின் உயிருக்கு ஒன்றும் ஆகக்கூடாது; போனால் பிள்ளைக்கு ஆகாது. குஞ்சு வளர்ந்தால் நிறம் மாறிவிடும். அதனால்தான் தாயின் சேலையில் கிழித்த துணி. “எங்கிட்ட ஏன் சொல்லவில்லை?” என்றேன். “ஊருக்கே தெரிஞ்சதப் போயி என்னத்தச் சொல்றதுன்னு இருந்துட்டனுங்க.”

சாறு குடித்தவர்கள் ஊருக்குப் போனார்கள். பேச்சும் கூடப் போயிற்று. எந்த நான்கு என்று தெரியாததால் எல்லாத் தாய்மார்களுக்கும் பயம். மலேரியாக் காய்ச்சல் காலம் தொடங்கியது. கொயினா மருந்து இருந்தது, வாங்கத்தான் ஆள் வரவில்லை. நான் கையில் ஏந்திய ஒரு பிள்ளை, பத்து மாதம், மூன்று நாளாகக் குளிரில் நடுங்குகிறது என்று ஆயா ஊற்றடியில் கேட்டு வந்தார். நான் மருந்துப் பையோடு அந்த வீட்டுக்குப் போனேன். தாய் வாசலை மறித்து நின்றாள். “எம் பிள்ளச் சேவலத் தின்ன வூட்டு மருந்து எங்களுக்கு வேண்டாமுங்க. போயிட்டு வாங்க.” அந்த நேரத்திலும் மரியாதை குறையாமல் சொன்னாள். திரும்பி வந்து கை கழுவினேன். வேறு செய்ய ஒன்றுமில்லை.

மறுநாள் காலையில் ஆயா டப்பாவைக் கேட்டார். ஒரு துணியை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டு, மீதியை என்னிடம் கொடுத்தார். “கட்டுங்க அம்மணி. இறுக்கமா வேண்டாம்.” ஒன்பது சேவல், பன்னிரண்டு துணி. அவர் ஒவ்வொன்றாகப் பிடிக்க நான் கட்டினேன். மூன்று சேவல்களுக்கு இரண்டு காலிலும் கட்டும்படி ஆயிற்று. எந்தத் துணி எந்தத் தாயுடையது என்று ஆயாவுக்குத் தெரியும்; வாசலை மறித்த தாயின் துணி ஒரு சிவப்புச் சேவலுக்குப் போயிற்று. ஆயா அந்தச் சேவலை அக்குளில் இடுக்கிக்கொண்டார். அந்த வீட்டுக்கு நானும் கூடப் போனேன்.

“பாரு கண்ணு, உஞ் சீலத் துணிதான இது?” என்று அதன் காலைத் தூக்கிக் காட்டினார். “போன நாலும் எம் மவ பேர்ல உட்டது. ஒத்தப் பிள்ளையாச்சேன்னு நாலு உட்டிருந்தேன். போனது எம்மோடது. உன்னுது இந்தா, கொத்த வருது பாரு.”

தாய் துணியைத் தடவிப் பார்த்தாள். பிறகு அடுத்த காலைப் பார்த்தாள். “இதென்னக்கா, ரெண்டு கால்லயும் துணி?”

“ஒரு கால்ல கொலுசு போட்டா நல்லாவா இருக்கும்?” என்றார் ஆயா.

அவள் சிரித்துவிட்டாள். அழுதபடியே சிரித்து, பிள்ளையை என் கையில் கொடுத்தாள். அது பிழைத்தது. அதற்குப் பிறகு மற்றவர்களும் வந்தார்கள். முதலில் சேவலைப் பார்த்துவிட்டு, அப்புறம் மருந்து வாங்கினார்கள். ஒன்பது சேவல்களையும் பலாமரத்தடியில் மூங்கில் அடைத்துப் பெட்டைகள் கண்ணில் படாமல் பிரித்து வைத்தோம். பெட்டை இல்லாத இடத்தில் சேவல்கள் பெரிதாகச் சண்டை போடவில்லை. பலாச் சக்கையும் கரையானும் தின்றுகொண்டு நின்றன. பெட்டைகளுக்கு முதுகில் இறகு முளைத்தது, முட்டை வந்தது. முதல் நாளே நான் இதைச் செய்திருக்கலாம்.

அந்தக் காய்ச்சல் காலம் முழுவதும் ஆயா ஒரு வேலை முடிந்து அடுத்த வேலை தொடங்கும் முன் பின்னறைக்குப் போய் மகளின் நெற்றியைத் தொட்டுவிட்டு வருவார். தரையைத் துடைத்ததும் போவார், பாத்திரம் கழுவியதும் ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு போவார். ஒருநாள் நெற்றி சுட்டது. நான்கு நாள் கொயினா கொடுத்தேன். நான்கு நாளும் அவர் என்னிடம் வேலையைப் பற்றி மட்டுமே பேசினார். காய்ச்சல் இறங்கிய பிறகு, அன்று இடுப்பில் செருகிய துணியைக் கொண்டுவந்து டப்பாவில் போட்டார். நீலக் கரை போட்டது. அவர் மகளுக்கு விட்டது ஒரே ஒரு சேவல்தான்.

“உங்கள் சேவல் அந்த நாலில் இருந்ததா, உயிரோடு நிற்கிறதா?” என்று கேட்டேன்.

“தெரியலீங்க அம்மணி. தெரிஞ்சிருந்தா அன்னைக்கு எனக்கு வாய் வந்திருக்காதுங்க.”

“இன்னொரு சேவல் விடக்கூடாதா?”

“பிள்ளைக்கு ஒருக்காத்தானுங்க உடறது.”

மலையை விட்டு நான் இறங்கி மூன்று வருஷம் ஆகிறது. போன மாதம் வளப்பூர் நாட்டுப் பெண் ஒருத்தி இங்கே பிரசவத்துக்கு வந்திருந்தாள். ஆயாவைத் தெரியுமா என்று விசாரித்தேன். தெரியும் என்றாள். மகள் நன்றாக இருக்கிறாளா என்றேன்.

“நல்லா இருக்குதுங்க. முடிதான் இன்னும் எடுக்கலீங்க. இடுப்புக்குக் கீழ தொங்குது. இத்தன முடிய வெச்சுக்கிட்டு எப்படித்தான் சீவறாங்களோ.”

இன்று டப்பாவைத் துடைத்தேன். கத்தரிக்கோல் இரண்டு, இடுக்கி ஒன்று, ஊசிக் கூடு ஒன்று. துணி ஒன்று.