நட்சத்திரத்தின் சூடான பக்கம்

என் மனைவி நட்சத்திரத்தை எடை போடுகிறாள் என்று சொன்னால், தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ராஜபாளையத்தில் என்னை ஒரு மாதிரியாகத்தான் பார்ப்பார்கள். நான் பேண்டேஜ் துணிக்குத் தறி ஓட்டியவன். எனக்கே அது விளங்கக் கொஞ்ச காலம் பிடித்தது.

இரண்டு நட்சத்திரங்கள் ஒன்றையொன்று சுற்றுகின்றன. ஒன்று பெரியது. மற்றது நியூட்ரான் நட்சத்திரம். ஒரு ஊரளவுதான் இருக்கும், கனமோ சூரியனைவிட அதிகம். இரண்டும் ஒன்றையொன்று இழுத்து ஆட்டும் வேகம் தெரிந்தால் எடையைக் கணக்கிட்டுவிடலாம். வெளிநாட்டுத் தொலைநோக்கிகள் அளந்து வெளியான வேகங்களை வைத்துக்கொண்டு, தறி ஓடாத ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் உட்கார்ந்திருப்பாள்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு கல்லூரியில் அவளுக்குத் தற்காலிக வேலை. ஜூனுக்குள் ஆய்வேட்டைக் கொடுத்துவிட்டால் நிரந்தரம் என்று சொல்லியிருந்தார்கள். டைப் அடித்து முடித்து, மறுநாள் பைண்டிங்குக்குக் கொண்டுபோகக் கட்டி வைத்திருந்தேன். அன்று மாலை பஸ்ஸை விட்டு இறங்கி வந்தவள், செருப்பைக்கூடக் கழற்றாமல் கட்டைப் பிரித்தாள்.

"சின்னது பெரியதோட ஒரு பக்கத்தச் சுட்டுக்கிட்டே இருக்குங்க. அந்தப் பக்கந்தான் நமக்குப் பளிச்சுன்னு தெரியுது. அதோட வேகத்தப் போயி முழு நட்சத்திரத்தோட வேகம்னு எடுத்துட்டேன். எடை குறைச்சலா வந்திருக்கு."

யாரும் கண்டுபிடிக்கப் போவதில்லையே என்று கேட்டேன். அவள் தாள்களைப் புரட்டிக்கொண்டிருந்தாள். வேலை போய்விடுமே என்றேன். போகும் என்றாள். எனக்கு வந்த கோபத்துக்கு, சாப்பிடாமல் தறிக்கூடத்துக்குப் போய்விட்டேன்.

அந்த வேலை வேறொருவருக்குப் போனது. அவள் மேலும் இரண்டு வருஷம் கணக்கை முதலிலிருந்து போட்டாள். கடைசியில் வந்ததாவது ஒரு எண்ணா என்றால் இல்லை. இதிலிருந்து இதற்குள் இருக்கலாம் என்று ஒரு நீண்ட இடைவெளி. இதற்கா இந்தப் பாடு என்று மனசுக்குள் முணுமுணுத்துக்கொண்டேன்.

மதுரையில் நடந்த வாய்மொழித் தேர்வை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம் என்றார்கள். கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தேன். எல்லாம் இங்கிலீஷில் ஓடியது. ஒரு கட்டத்தில் தேர்வாளர் தமிழுக்கு மாறி, இத்தனை வருஷம் உழைத்தும் விடை இவ்வளவு அகலமாகவா இருக்கும் என்று சிரித்துக்கொண்டே கேட்டார்.

அவள் சிரிக்கவில்லை. "எனக்குத் தெரிஞ்சது அம்புட்டுதான் சார். அதுக்கு மேல சொன்னா, அது நான் அளந்ததா இருக்காது."

நான் கைதட்டிவிட்டேன். தேர்வு முடியும் முன்னால் தட்டக்கூடாது என்பது, எல்லோரும் திரும்பிப் பார்த்த பிறகுதான் தெரிந்தது. ஆனாலும் நிறுத்த முடியவில்லை.