ஒன்றேகால் மணி நேரத் தூரம்

பிள்ளைகளா, கொழும்பு எவ்வளவு தூரம் என்று நேற்று கேட்டீர்கள். சென்னையிலிருந்து எழுநூறு கிலோமீட்டர்கூட இல்லை, விமானத்தில் ஒன்றேகால் மணி நேரம் என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டேன். மீதி வாயில் வராது. எழுதுகிறேன்.

இட ஒதுக்கீடு கேட்டு நம் ஜில்லாவில் சாலை மறியல் நடந்த வருடம். நான் கொழும்பில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா சாகக் கிடக்கிறார் என்று அண்ணன் தந்தி அடித்திருந்தார். கிடைத்த விமானத்தில் ஏறி, மத்தியானம் சென்னையில் இறங்கினேன். நம் வழக்கப்படி அப்பாவுக்கு மூத்தவனும் அம்மாவுக்கு இளையவனும் கொள்ளி வைக்க வேண்டும். நான்தான் இளையவன். ஆனால் அப்போது அந்த நினைப்பே இல்லை. உயிரோடு முகம் பார்த்தால் போதும் என்றிருந்தது.

விழுப்புரத்துக்கு முன்னாலேயே பஸ் நின்றுவிட்டது. புளியமரங்களை வெட்டிச் சாலைக்குக் குறுக்கே சாய்த்திருந்தார்கள். கண்ணுக்கு எட்டிய வரை மரங்கள்தான். பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு நடக்க ஆரம்பித்தேன்.

மறுநாள் காலை, விழுப்புரம் தாண்டி, கோடாலியோடு நின்றவர்கள் மறித்தார்கள்.

"இன்னா பொட்டிக்காரரே, ஊரே பத்தி எரியுது, நீங்க எங்க ஜோரா போய்க்கினு கீறீங்க?" என்று ஒருவர் நக்கலாகக் கேட்டார்.

சொன்னேன். கேட்டவரே கோடாலியைப் பக்கத்து ஆளிடம் கொடுத்துவிட்டு சைக்கிளை எடுத்து வந்தார்.

"குந்துங்க. மரத்த சாச்சது நாங்க. தாண்டி உடறதும் நாங்கதான் செய்யணும்."

மரம் வந்த இடமெல்லாம் இறங்கி, ஆளுக்கொரு பக்கம் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு கிளைகளுக்குள் நுழைந்தோம். அவர் முழங்கையெல்லாம் சிராய்ப்பு. உளுந்தூர்பேட்டையில் இறக்கிவிட்டு, தண்ணீர்கூடக் குடிக்காமல் திரும்பிவிட்டார். பேர் கேட்கவும் எனக்குத் தோன்றவில்லை.

அதற்கப்புறம் முழுக்க நடைதான். கள்ளக்குறிச்சி தாண்டி, மலையடிவாரத்தில் நம் தெருவுக்குள் நுழையும்போது சென்னையில் இறங்கி மூன்றாம் நாள் மத்தியானம். வாசலைக் கழுவிவிட்டிருந்தார்கள். அண்ணன் தலை மழித்து உட்கார்ந்திருந்தார்.

"ப்ளேன்ல ஒண்ணேகால் மணி நேரந்தான்னு நீதானடா சொல்லிட்டுப் போன. அதையே நெனச்சிக்கினு அம்மா வாசல்ல கட்டில போடச் சொல்லிச்சு. எம்புள்ள மேலதான் வருவான்னு வானத்தையே பாத்துக்கினு கெடந்துச்சு. போன பின்னாலயும் ஒரு நாள் பூரா வச்சிக்கினு இருந்தோம். அதுக்கு மேல தாங்கல தம்பி. காலையில எடுத்துட்டோம். நானே வச்சிட்டேன்."

தூரத்தை மணிக்கணக்கில் யார் சொன்னாலும் இன்றுவரை எனக்கு நம்பிக்கை வருவதில்லை.

பிறகு யாரிடமும் சொல்லாமல் சுடுகாட்டுக்குப் போனேன். வெட்டியான்கூட இல்லை. சாம்பலுக்கடியில் இன்னும் கனன்றுகொண்டிருந்தது. ஒரு வறட்டி பாதி வெந்து வெளியே சரிந்து கிடந்தது. அதைக் கையாலேயே எடுத்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு, தலைமாட்டில் வைத்தேன்.