நூறுக்குக் கீழே

பத்ரிநாராயணனுக்கு வயது ஐம்பத்திரண்டு. மயிலாப்பூரிலிருந்து பஸ் பிடித்து தி.நகர் ஜவுளிக்கடைக்குப் போய், மூன்றாம் மாடியில் ஜன்னலே இல்லாத அறையில் கம்ப்யூட்டர் முன் உட்காருவது அவருடைய பத்தொன்பது வருஷ உத்தியோகம். கீழே விற்கும் ஒவ்வொரு புடவையும் அவரிடம் ஒரு வரிசையாக வந்து விழும்: பில் எண், புடவை, விற்றவரின் ஊழியர் எண். லட்சம் வரிசைகளானாலும் ஊழியர் எண்படி குரூப் செய்து, எண்ணி, ஆளுக்கு ஒரு வரியாகச் சுருக்கிவிடுவார். அதில் அவருக்குக் கொஞ்சம் கர்வம்கூட உண்டு. பாவம், வேறு எதில்தான் கர்வப்பட முடிந்தது அவரால்?

சித்திரை மாதத்தில் முதலாளி ஜவஹர் அண்ணாச்சி புதிதாக ஒன்று கேட்டார். மாதம் நூறு புடவைக்குக் குறைவாக விற்றவர்களின் பெயர் மட்டும் வேண்டுமாம். பத்ரி குரூப் செய்து, எண்ணிக்கை நூறுக்குக் கீழே உள்ளவற்றை மட்டும் வைத்துக்கொண்டார். ஒரே பெயர்தான் வந்தது. சுந்தரவல்லி, அறுபத்தொரு புடவை.

அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. பட்டுப் பிரிவில் இருபது வருஷமாக நிற்கிற அம்மாள். வாடிக்கையாளர்கள் பெயர் சொல்லித் தேடி வருவார்கள். கீழே இறங்கிப் போய் அவரிடமே கேட்டார்.

"இன்னா சார் பண்றது? புதுசா வந்த அஞ்சு பொண்ணுங்க விக்கத் தெரியாம முழிச்சிக்கினு நிக்குதுங்க. எண்ணிக்கை கொறஞ்சா அனுப்பிடுவாங்க. அதான் நான் வித்தத அதுங்க நம்பர் போட்டு எழுதிக்கினு வரேன்."

"உங்க வேலை போயிடுமேம்மா."

"இருவது வருசம் கீது சார் எனக்கு. என்னைய யாரு அனுப்பப் போறாங்க?"

விற்கிறவர் துண்டுச் சீட்டில் எண்ணை எழுதித் தர, பில் கவுன்டரில் அதைப் பார்த்துத் தட்டுவதுதான் கடை வழக்கம். பத்ரி அந்த மாதச் சீட்டுக் கட்டுகளை எடுத்தார். சுந்தரவல்லியின் எழுத்து ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கும், கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. நான்கு நாள் மதியச் சாப்பாட்டை விட்டுவிட்டு, 'எழுதியவர்' என்று புதிதாக ஒரு பத்தி சேர்த்து, அதன்படி குரூப் செய்தார். சுந்தரவல்லி, நானூற்றுப் பன்னிரண்டு.

அன்றைக்கு வீட்டில் மனைவி ஹம்சாவிடம், "ஒரு பொம்மனாட்டி வேலையக் காப்பாத்திட்டேண்டி" என்றார். அந்த ஒரு வரியைப் பார்த்தே பூரித்துப்போயிருந்தார் மனுஷன். அதே தாளின் அடியில் முப்பதும் நாற்பதுமாக இருந்த ஐந்து வரிகளைப் பார்க்கவே இல்லை. பத்தொன்பது வருஷமாக வரிசைகளையே பார்த்த கண்ணுக்கு அன்று என்ன கேடு வந்ததோ.

மறுநாள் அவர் கொண்டுபோய்க் கொடுத்த தாளை அண்ணாச்சி நிதானமாகப் படித்தார். "நல்ல வேலை பாத்திருக்கீங்க சாமி. அந்தம்மா பொய்ச் சீட்டு எழுதியிருக்கு. இந்த அஞ்சு பிள்ளைகளும் நூறுகூட விக்கலைங்கதும் இப்பத்தான தெரியுது."

"அண்ணாச்சி, நான் அதுக்குக் கொண்டுவரலை."

"பெறவு எதுக்குக் கொண்டாந்தீங்க?"

சனிக்கிழமை ஆறு பேரும் பையோடு படியிறங்கினார்கள். அந்த ஐந்து பெண்களில் கே.கே. நகர் விடுதியில் தங்கியிருந்த ஷண்முகப்ரியா அழுதுகொண்டே போனாள். சுந்தரவல்லி மட்டும் பத்ரியின் எதிரில் நின்றார்.

"நான் போறது பரவால்ல சார். அதுங்கள எதுக்குக் காட்டிக் குடுத்தீங்க?"

பத்ரிக்கு அவமானத்தில் காது எரிந்தது.

திங்கட்கிழமை அண்ணாச்சி கூப்பிட்டு, இனி மாதாமாதம் சீட்டுக் கையெழுத்துப்படி பிரித்த பட்டியலும் சேர்த்தே வேண்டும் என்றார். பத்ரி சரி என்றார்.