பள்ளிவாசல் வரிசையில் அண்ணன்

மட்டாஞ்சேரியில் எங்கள் மிளகுக் கடையில் ஒருநாள் அண்ணன் சாயாவை டம்ளரில் ஊற்றாமல் பக்கத்து மேசையில் ஊற்றினார். நான் சிரித்தேன். கண்ணாடியை மாற்றினோம்; மறுபடியும் மாற்றினோம். அப்புறமும் கண்ணெதிரில் இருக்கும் தராசைத் தேடிக்கொண்டு நிற்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஒரு வெள்ளிக்கிழமை பள்ளிவாசலில், வரிசைக்காக விரிப்பில் போட்டிருந்த கறுப்புக் கோட்டைப் படி என்று நினைத்துக் காலைத் தூக்கி வைத்தார். தடுமாறி, வரிசைக்குக் குறுக்காக நின்றுவிட்டார். நெற்றியைத் தரையில் வைக்க ஸஜ்தாவுக்குப் போகும்போது அவர் தலை பக்கத்து ஆளின் விலாவில் முட்டியது. பின்னால் யாரோ சிரித்தார்கள். வெளியே வந்ததும் நான், "குடிச்சிருக்கீங்களா அண்ணே?" என்று கேட்டேன். பீடிகூடத் தொடாத மனிதர் அவர்.

அதோடு பள்ளிக்கு வருவதை நிறுத்திவிட்டார். கேட்டால் முட்டி வலி என்பார். அதுவரை ஒரு ஜும்ஆத் தொழுகையைக்கூடத் தவறவிட்டதில்லை. வெள்ளிக்கிழமை நான் கிளம்பும்போது மிளகுச் சாக்கின்மேல் உட்கார்ந்து தரையையே பார்த்துக்கொண்டிருப்பார்.

கடைசியில் எர்ணாகுளத்தில் ஒரு நரம்பு டாக்டர் படமெடுத்துப் பார்த்துச் சொன்னார். கண் நன்றாகத்தான் இருக்கிறதாம். கண் காண்பதைப் புரிந்துகொள்ளும் மூளையின் பகுதிதான் தேய்கிறதாம். மறதி நோயிலேயே அபூர்வமான ஒரு வகை, மறதி பிறகுதான் வரும், குணமாக்க மருந்தில்லை என்றார்.

"அப்ப எனக்குக் கிறுக்கு இல்லல்ல?" என்றார் அண்ணன். இல்லை என்றதும் தேம்பி அழுதார். மருந்தில்லை என்று கேட்டபிறகும் எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. திரும்பி வரும் படகில் மன்னிப்புக் கேட்டேன். "விடுடா" என்றார்.

அந்த வெள்ளிக்கிழமை அவரைக் கூப்பிட்டேன்.

"மறுபடி யாரையாச்சும் முட்டிட்டா? வேணாம்டா."

"கோட்டைப் பார்க்காதீங்க. என் தோளை விடாம நில்லுங்க, போதும்."

வரிசையின் ஓரத்தில், சுவருக்கும் எனக்கும் நடுவில் அவரை நிறுத்தினேன். தோளோடு தோள் ஒட்டி நிற்பதுதானே எங்கள் முறை. இத்தனை நாள் எனக்கு இது தோன்றவில்லையே என்று என்மேலேயே கோபம் வந்தது. தொழுகை முழுக்க ஓரக்கண்ணால் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். நேராக நின்றார், நேராகக் குனிந்தார், யார்மேலும் முட்டவில்லை.

ஸலாம் கொடுத்துத் தொழுகை முடிந்ததும் என் பக்கம் சாய்ந்தார்.

"என்னடா தொழுதே? எல்லாரும் குனிஞ்சாச்சு, உன் தோளு மட்டும் மேலேயே நின்னுச்சு. நெனப்பு எங்கடா போச்சு?"

பக்கத்திலிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டு, அவர் திட்டி முடிக்கும்வரை சந்தோஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தேன்.