கழுத்துக்கு ஒரு திருகு மூடி

அந்த யோசனை செம்பூரில் ஒரு தையல் கடையில் தோன்றியது. மாட்டுங்காவில் அறை எடுத்துத் தங்கி மும்பையைச் சுற்றிக்கொண்டிருந்த நான், சுடிதார் கையைச் சுருக்கக் கொடுத்துவிட்டு நின்றிருந்தேன். கடைக்காரர் ஃபரீதா காபூலிலிருந்து படிக்க வந்து இங்கேயே தங்கிவிட்டவர். அங்குள்ள தன் அம்மாவின் துணிக்கடையைக் கைபேசியில் காட்டினார். ஆறு பெண் பொம்மைகள், ஜரிகை மின்னும் கல்யாண உடைகள். ஒவ்வொரு தலையிலும் கறுப்பு பிளாஸ்டிக் பை.

“ஆட்சி மாறினதும் முகம் தெரியக் கூடாதுன்னாங்க, பை மாட்டினோம். இப்ப வந்த அதிகாரி தலையே கூடாதுங்கிறார். பத்து நாள் கெடு,” என்றார் இந்தியில்.

அறுக்காவிட்டால் கடைக்குப் பூட்டு. அறுக்க விடமாட்டேன் என்கிறார் அம்மா. பெண் என்பதால் அவரும் இப்போது கடையில் நிற்பதில்லை. ஃபரீதாவின் தம்பிதான் நிற்கிறான். பக்கத்து அழகு நிலையத்தை மூடியாகிவிட்டது. தங்கையின் படிப்பு ஆறாம் வகுப்போடு நின்றது. இத்தனையையும் ஊசியில் நூல் கோத்தபடியே சொன்னார்.

பொம்மை செய்யும் பட்டறை ஒன்றை முந்தின நாள்தான் தாராவியில் பார்த்திருந்தேன். கழற்றி மாட்டுகிற தலையாக்க முடியாதா? கேட்டால் என்ன?

மறுநாள் காலை 10.20. ஃபரீதாவும் நானும் கடைக்குப் பக்கத்தில் திலக் நகரில் ரயிலேறி, குர்லாவில் மாறி, சயானில் இறங்கினோம். டிக்கெட் ஐந்து ரூபாய். தொண்ணூறு அடி சாலை வழியே கால் மணி நேர நடை. சிகிச்சைக்கு வந்திருந்த ஃபரீதாவின் சித்தப்பா நாளை காபூல் திரும்புகிறார். எதுவானாலும் இன்றே அவர் பெட்டியில் ஏற வேண்டும்.

பட்டறைக்காரர் முகைதீன் பாய், கடையநல்லூர்க்காரர். கயிற்றில் வரிசையாகத் தொங்கிய பொம்மைக் கைகளுக்குக் கீழே உட்கார்ந்து முழுவதையும் கேட்டார்.

“வெட்டுன தலய வச்சிருந்து, பிறவு ஒரு நாள் மாட்டணும். அப்படித்தானே?”

எதிர்க்கடைக்குப் போய்க் குழாய்ச் சாமானோடு வந்தார். இரண்டு பாதியாகக் கழலும், மரை போட்ட பிளாஸ்டிக் இணைப்பு, அதற்கொரு மூடி. செட் எண்பது ரூபாய்.

“ஒரு பாதி கழுத்துல, ஒரு பாதி தலையில. தலய எடுத்தா இந்த மூடியத் திருகிர வேண்டியதுதான்.”

கழித்துப்போட்ட பொம்மை ஒன்றை அறுத்துக் கொடுத்தார். “நான் ஒட்டுறேன் பாய்!” என்று பாய்ந்து, இரண்டு பாதிகளையும் தனித்தனியே பசை வைத்து ஒட்டினேன். முக்கால் மணி நேரம் காய்ந்தது. பிறகு தலையைத் திருகினேன். மரை இறுகி நின்றபோது முகம் இடது தோளுக்கு மேல் பின்னால் பார்த்தது.

மூலையில் பொம்மைக்குக் கண் எழுதிக்கொண்டிருந்த செல்வி அக்கா நிமிர்ந்தார். “என்ன, அந்தப் பக்கம் பாக்கா? மாமியா வாராளோ?”

நான் அதை இந்தியில் சொன்னதும் ஃபரீதா சிரித்துவிட்டார்.

“ஏம்மா, இப்படி அவசரக்குடுக்கையா இருக்கியே,” என்றார் பாய். “முதல்ல ரெண்டையும் திருகி இறுக்கணும். பிறவுல்லா மொகத்த நேரா வச்சு ஒட்டணும்.”

இன்னொரு பொம்மை. இம்முறை அவர் ஒட்ட, நான் படம் பிடித்தேன். முகம் நேராக நின்றது. ஃபரீதா நாலு தடவை கழற்றி, மூடியைப் போட்டு, மறுபடி தலையை மாட்டிப் பார்த்தார். நாலு தடவையும் நேர்தான்.

“அறுத்த தலைகள எங்க வைப்பாங்களாம்?” என்று கேட்டார் செல்வி அக்கா.

அதையும் இந்தியில் சொன்னேன். “அம்மா அறையில,” என்றார் ஃபரீதா. “அவங்களுக்கும் துணை வேணுமே.”

மதியம் 2.15. ஆறு செட்டைச் செய்தித்தாளில் சுற்றி வாங்கிக்கொண்டோம். படத்தைக் காபூலுக்கு அனுப்பிவிட்டு வண்டி ஏறினோம். குர்லா நடைமேடையில் அம்மாவின் குரல் பதிவு வந்தது. ஃபரீதா இரண்டு முறை கேட்டுவிட்டு எனக்குச் சொன்னார்:

“வெள்ளிக்கிழமை கடை லீவு. ஒரு பொம்மைய வீட்டுக்குக் கொண்டு வரச் சொல்றாங்க. தம்பி அறுக்கலாமாம். ஆனா தலைய அவங்கதான் பிடிச்சுக்குவாங்களாம்.”