யாகோதா குலுக்கிப் பார்த்த பெட்டிகள்

யாகோதாவைப் பற்றி நான் எழுதுவதே வெட்கக்கேடு. அவள் செய்ததையெல்லாம் பார்த்துக்கொண்டே ஆம்புலன்ஸ் ஓட்டிய பிளாஷ் நான்தான்.

திராவா ஆற்றங்கரையில் எங்கள் ஊர். இருபத்தாறு வருடம் எங்கள் வண்டியின் நர்ஸ் அவள். நின்றுபோன நெஞ்சுகளை அமுக்கி அமுக்கி மணிக்கட்டு வீங்கியே கிடக்கும். அந்த வருடம் ஆராய்ச்சிக்கென்று எண் போட்ட பெட்டிகள் வந்தன. சிலவற்றில் இதயத்தை எழுப்பும் புது மருந்து, மற்றவற்றில் வெறும் உப்புநீர். எதில் எது என்று எங்கள் யாருக்கும் தெரியாது. எண் வரிசைப்படி எடுக்க வேண்டும், அவ்வளவுதான் விதி.

ஒரு வீட்டில் நாற்பது வயதுக்காரர் ஒருவர் நெஞ்சு நின்று கிடந்தபோது, யாகோதா பெட்டிகளை ஒவ்வொன்றாகக் காதருகே வைத்துக் குலுக்கினாள். "பிளாஷ், மருந்துப் பெட்டி கொஞ்சம் மந்தமா சத்தம் போடுது, கேளேன்."

"உன் காது என்ன லேப் மெஷினா? வரிசையா எடு."

"நாப்பது வயசுக்காரனுக்கு உப்புத்தண்ணி ஏத்தச் சொல்றியா? அவன் புள்ளைங்க வாசல்ல நின்னு அழுவுதுங்க. போடா, நீயும் உன் வரிசையும்!"

நான் அதற்குமேல் தடுக்கவில்லை. அன்றிலிருந்து இளையவர்களுக்கு மந்தச் சத்தம் போடும் பெட்டி, கிழடுகளுக்கு மிச்சப் பெட்டி.

தக்காளிப் பாத்தியில் நெஞ்சு நின்று விழுந்த எழுபத்தொன்பது வயது அந்திரியாவுக்கும் மிச்சம்தான். பிழைக்கவில்லை. அவர் விவரத்தை ஆராய்ச்சியில் சேர்த்துக்கொள்ள அவர் மனைவி ருஜா கையெழுத்துப் போட்டார். "என் மனுஷன் சாவு நாலு பேருக்காவது உதவட்டும்மா" என்றார். பிறகு சந்தையில் பார்க்கும்போதெல்லாம் யாகோதா கையில் கசகசா ரொட்டியைத் திணிப்பார். அவள் அதை அப்படியே என்னிடம் தள்ளிவிடுவாள்.

ஆராய்ச்சி முடிந்து கணக்குப் பார்த்தவர்கள், வரிசை குலைந்திருப்பதைக் கண்டுபிடித்தார்கள். எங்கள் வண்டி ஏற்றிய நோயாளிகள் அத்தனை பேரையும் ஆராய்ச்சியிலிருந்தே நீக்கினார்கள். எந்தப் பெட்டியில் என்ன இருந்தது என்ற பட்டியலும் வந்தது. மந்தமாவது கிந்தமாவது! அவள் காது பாதிக்குப் பாதி தப்பு. அந்திரியாவுக்குப் போனது மருந்துதான்.

யாகோதாவுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. "வா, அந்தம்மாகிட்ட எல்லாத்தையும் சொல்லிடலாம். மருந்து கெடச்சுதுன்னு தெரிஞ்சா மனசு ஆறும்."

ருஜா சமையலறை மேசையில் உட்கார்ந்து முழுதும் கேட்டார்.

"அப்போ அவரு சாவு யாருக்குமே உதவலையா?"

"இல்லம்மா. ஆனா அவருக்கு மருந்துதான் போச்சு..."

"அது உன்ன மீறிப் போச்சு. நீ எதக் குடுக்க நெனச்ச?"

"உப்புத்தண்ணி..." என்றாள் யாகோதா.

"இந்தக் கெழவன் இவ்வளவு நாள் வாழ்ந்தது போதும்னு நெனச்ச. இல்ல?"

"ஆமாம்மா" என்றாள்.

ருஜா என் பக்கம் திரும்பினார். "நீ என்னப்பா நெனச்ச?"

நான் வெறும் டிரைவர் என்று சொல்ல வாயெடுத்தேன். நானும் அதையேதான் நினைத்திருந்தேன்.