கூடுதலாக ஒரு துண்டு

மூளை வளர்ச்சி குறைந்த பிள்ளைகளைச் சிறப்பு வகுப்புக்கு ஏற்றிப்போகும் வேனுக்கு ஹாரன் தேவையில்லை. உள்ளேயே பன்னிரண்டு இருக்கும். தொண்ணூறுகளில் கிள்ளானிலிருந்து பிரிக்பீல்ட்ஸுக்கு அப்படியொரு வேன் ஓட்டினேன். பள்ளி வேன் ஓட்டியவர்களும், அதன் பின்னால் மாட்டிக்கொண்டு தவித்தவர்களும் என் கட்சி.

பதின்மூன்றாவது தலை

நான் அதிகம் பேசமாட்டேன், எண்ணுவேன். ஒரு நாள் ஒரு தலை கூடுதலாக இருந்தது. கடைசி சீட்டில், குணா, ரவி என்ற அண்ணன் தம்பிக்கு நடுவில், மீசை வைத்த ஒருவர் மடியில் பையோடு உட்கார்ந்திருந்தார். பேச்சு வரவில்லை. குணாவைப் போலவே கைதட்டிச் சிரித்தார். வண்டியைத் திருப்பினேன்.

பிள்ளைகளின் அம்மா தனலெட்சுமி ரோட்டிலேயே பதறிக்கொண்டு நின்றார். “எங்கண்ணன் அங்கிள். அவருக்கும் ஸ்கூலுக்குப் போகணுமாம் லா!”

சொந்தமா, அசலா

தனலெட்சுமி அத்தை மகனைக் கட்டியவர். பையன்களுக்கு மூளை வளர்ச்சி குறைவு என்றதும், சொந்தத்தில் கட்டியதுதான் காரணம் என்று வீடே முடிவுகட்டிவிட்டது. அதனால் தங்கை விமலாவுக்குக் காப்பாரில் அசல் மாப்பிள்ளை பார்த்தார்கள். அந்த நேரத்தில்தான் மருத்துவமனையில் பையன்களுக்கு எடுத்த ரத்தப் பரிசோதனையின் முடிவு வந்தது. என் வேனில்தான் போனார்கள். பையன்களைப் பிடித்துக்கொள்ள என்னையும் உள்ளே கூப்பிட்டார்கள்.

டாக்டர் படம் வரைந்து காட்டினார். எக்ஸ் என்ற குரோமோசோமில் ஒரு துண்டு இரண்டு தடவை வந்திருக்கிறதாம். பெண்ணுக்கு எக்ஸ் இரண்டு. ஒன்று சரியில்லாவிட்டாலும் மற்றது சமாளித்துவிடும். ஆணுக்கு ஒன்றுதான். என் பாஷையில் சொன்னால், பெண்ணுக்கு ஸ்பேர் டயர் உண்டு. தாய்வழியில் வருவது, அந்த அண்ணனுக்கும் அப்படித்தான் வந்திருக்கும் என்றார்.

“அப்ப தங்கச்சியை அசல்ல கட்டிக் கொடுத்தா சரியாயிடும்தானே?” என்று கேட்டார் தனலெட்சுமி.

“மாப்பிள்ளை யாரா இருந்தாலும் ஒன்னுதான்மா. தங்கச்சி ரத்தத்தைத்தான் பார்க்கணும்.”

அப்பாவின் யோசனை

பார்த்தார்கள். விமலாவுக்கும் அந்தத் துண்டு இருந்தது. கல்யாணம் முடியட்டும், பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்றார் அவள் அப்பா. விமலா சுபாங் ஜெயா தொழிற்சாலையில் வேலை பார்த்தவள். காலையில் என் முன் சீட்டில்தான் வருவாள். அன்று வழியெல்லாம் கைப்பையின் ஜிப்பைத் திறந்து மூடிக்கொண்டே வந்தாள். எனக்கு ஆறுதல் சொல்லத் தெரியாது, கியரை மாற்றினேன்.

இறங்கும்போது சொன்னாள்: “நாளைக்கு இன்னொரு சீட் வேணும் அங்கிள். மாப்பிள்ளைக்கு.”

தோள்

மாப்பிள்ளை சேகர், தோட்டத்திலிருந்து செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுபவர். லோரிக்காரர் என்பதால் எனக்கு மரியாதை. பிள்ளைகளுக்கு அதெல்லாம் இல்லை. ஒருவன் அவர் சீப்பை உருவினான். குணா அவர் தோளில் சாய்ந்து, எச்சில் ஒழுகத் தூங்கிப்போனான்.

என் வேனில் ரகசியம் பேச முடியாது. விமலா கத்தித்தான் சொன்னாள்: “எனக்கும் இருக்கு! நமக்குப் பையன் பிறந்தா இப்படி இருக்கலாம், பாதிக்குப் பாதி! அப்பா மறைக்கச் சொன்னாரு!”

விமலா அன்று வேலைக்கு லீவு போட்டிருந்தாள். பிரிக்பீல்ட்ஸ் வரை கண்ணாடி வழியாக வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள். நான் பின்கண்ணாடியில் சேகரைப் பார்த்தேன். குணா விழித்துக்கொள்வானென்று அவர் தோளை அசைக்கவே இல்லை.

இறங்கியதும் அவளிடம் சொன்னார்: “பிள்ளை விஷயத்தை டாக்டர்கிட்ட ரெண்டு பேரும் போய்க் கேப்போம். உங்கப்பாகிட்ட நான் பேசிக்கிறேன். இப்ப முதல்ல எனக்கு ஒரு சட்டை வாங்கிக் கொடு லா.”

பெண் பார்க்க வருகிறவர்களுக்குக் கேசரி கிண்டுவதை விட, ஒரு காலைப்பொழுது அவர்களை என் வேனில் ஏற்றிவிட்டால் போதும் என்பது ஓட்டிச் சலித்த என் அபிப்பிராயம்.